முன் சீட்டு

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்குப் பல வருஷம் ஷேர் ஆட்டோ ஓட்டினேன். ஐந்தாவது வரை படித்த எனக்கு அது பிடித்த வேலைதான். ஆள் கூப்பிடுவதுதான் வராது. "பூந்தமல்லி, பூந்தமல்லி" என்று கத்தக் கூச்சமாக இருக்கும். வண்டியை நிறுத்திவிட்டு வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பேன். அவர்களாக ஏறினால் உண்டு.

இடுப்பில் டிஸ்க் விலகியது. இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விற்றுவிடலாம் என்றேன். என் மனைவி கேட்கவில்லை. அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தவள், அதை விட்டுவிட்டுக் காலி மனைகளில் ஓட்டிப் பழகினாள். லைசென்ஸ் எடுத்தாள். ஒரு திங்கட்கிழமை, புடவைக்கு மேல் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தினாள். அதுவரை எங்கள் ஸ்டாண்டில் எந்தப் பெண்ணும் ஓட்டியதில்லை.

ஸ்டாண்டு தலைவர் நல்ல மனுஷர்தான். "ஒரு வாரம் பாப்போம்மா. சரிப்படலன்னா வண்டிய வேற ஆளுக்கு உட்டுடணும். அப்புறம் கோச்சுக்கக் கூடாது" என்றார்.

எங்கள் ஸ்டாண்டில் வரிசைதான் சட்டம். முதலில் நிற்கும் வண்டி நிரம்பினால்தான் கிளம்பலாம். நிரம்ப நேரமானால் பின்னால் நிற்பவன் ஆள் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். இவன் கடைசிக்குப் போக வேண்டும். நிரம்புவது என்றால் ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒட்டி உட்காருகிற ஆளையும் சேர்த்துத்தான். அந்த முன் சீட்டில் ஆண்கள் மட்டும் உட்காருவார்கள். பெண்களுக்குப் பின்னால் நீளவாக்கில் உள்ள எதிரெதிர் பலகைகள். அங்கே இடமில்லை என்றால் அடுத்த வண்டிக்கு நிற்பார்கள். யாரும் அப்படிச் சொல்லி வைத்ததில்லை. பழகிவிட்டது.

லைசென்ஸ், காக்கி, இன்ஷூரன்ஸ் என்று எல்லாம் பார்த்த நாங்கள் இதை யோசிக்கவே இல்லை.

அவள் வண்டியில் பின்னால் நிரம்பிவிடும். அப்புறம் வருகிற ஆண்கள் முன் சீட்டைப் பார்ப்பார்கள், அவளைப் பார்ப்பார்கள், போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். வண்டி கடைசிக்குப் போகும். மறுபடி முன்னால் வரும், மறுபடி போகும்.

நான் டீக்கடை பெஞ்சில் இடுப்பு பெல்ட்டோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா அண்ணாத்தே, அண்ணி வண்டி முன் சீட்டுக்கு ஆள் தேவைன்னு பேப்பர்ல வெளம்பரம் குடுத்துரலாமா?" என்று ஒரு டிரைவர் கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் கிளாஸில் இருந்த டீயைப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் நானே போய் முன் சீட்டில் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது. பூந்தமல்லியில் எல்லோரும் இறங்கியதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நாளைலேர்ந்து நீ வராத மாமா."

"ஏன், வண்டி ரொம்புதில்ல?"

"நீ பக்கத்துல குந்திகினு கீறதப் பாத்தா, இன்னும் எனக்குக் கத்துக் குடுக்கிறன்னு நெனைப்பானுங்க. அதுவுமில்லாம, பள்ளத்துல எறங்கும்போது நீ பல்லக் கடிக்கிறது எனக்குக் கேக்குது."

மறுபடி பெஞ்சுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை எங்கள் வண்டியை விலைக்குக் கேட்டு நசரத்பேட்டையிலிருந்து ஒருவன் வந்துவிட்டான். அவள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே டயரைக் காலால் தட்டிப் பார்த்து, "வண்டி நல்லாத்தான் கீது" என்றான். அவள் நேராக ரோட்டையே பார்த்தாள்.

அன்று சாயங்காலம் பின் பலகைகள் நிரம்பியிருந்தன. இங்கே தையல் கடையில் வேலை பார்த்துவிட்டுப் பூந்தமல்லிக்குத் திரும்பும் பாய் வீட்டு அம்மா ஒருவர் வேகமாக வந்தார். என் வண்டியில் பல வருஷம் வந்தவர். பின்னால் மூலை கிடைத்தால்தான் ஏறுவார். இடமில்லை என்று பார்த்ததும் நின்றார்.

"அடுத்த வண்டி வருதும்மா, நில்லு" என்றான் பின் வண்டி டிரைவர்.

"இன்னாத்துக்கு நிக்கணும்? ஊட்ல புள்ளைங்க பசியோட கீது."

"முன்னாடிதாம்மா எடம் கீது."

"கீதில்ல? ஓட்டறது பொம்பள. நான் குந்துனா உனக்கு இன்னா நோவுது?" என்று புர்காவை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறினார். "கொஞ்சம் தள்ளும்மா" என்றார் என் மனைவியிடம்.

வண்டி கிளம்பிவிட்டது. டீக்கடையில் யாரும் சிரிக்கவில்லை.

இரவு என் இடுப்பில் தைலம் தேய்க்கும்போதுதான் அவள் மீதியைச் சொன்னாள். பைபாஸ் பாலம் தெரிந்தபோது அந்த அம்மா, "இத்தினி வருசமா இந்த ரோட்ட சைடுலயே பாத்துகினு வந்துகீறேன்டி" என்றாராம். சொல்லிவிட்டு என் மனைவி தைலப் பாட்டிலை மூடி வைத்தாள்.

மறுநாள் காலேஜ் பெண் ஒருத்தி முன்னால் ஏறினாள். அப்புறம் பூக்காரம்மா, கூடையை மடியில் வைத்துக்கொண்டு. சில நாளில் முன் சீட்டுக்குப் பெண்களுக்குள் சண்டையே வந்தது. வாரம் முடிந்ததைத் தலைவர் மறந்துவிட்ட மாதிரி இருந்தார். "அக்கா, உன் வண்டி எடு, டைமாவுது" என்று மட்டும் குரல் கொடுத்தார்.

போன மாதம் டாக்டரைப் பார்க்கப் பூந்தமல்லி போக வேண்டியிருந்தது. ஸ்டாண்டுக்கு வருவதற்கு முன்பே அவள் குரல் கேட்டது. "பூந்தமல்லி, பூந்தமல்லி!" எனக்கு வராத அந்தக் கத்தல். முன் சீட்டில் ஒரு நர்ஸ் பெண் உட்கார்ந்திருந்தாள். நான் பின்னால் ஏறி முட்டியை ஒடுக்கிக்கொண்டேன். ரோடு பக்கவாட்டில் கடைகளும் சுவர்களுமாக ஓடியது. எங்கே வளைவு, எங்கே பள்ளம் என்று முன்கூட்டித் தெரியவில்லை. எத்தனையோ வருஷம் ஓட்டிய ரோடுதான்.

பூந்தமல்லியில் கடைசியாக இறங்கினேன்.

"இடுப்பு வலிச்சுதா மாமா? பள்ளத்துலலாம் மெதுவாத்தான எறக்கினேன்?"

"பள்ளம் வந்துதா?" என்றேன்.

அவள் சிரித்தாள். பின்னால் இருந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.