நாகவல்லியின் இருபத்திரண்டு கல்லூரிகள்

ஜூலை மாதம் வந்துவிட்டால் காரைக்குடிப் பக்கத்துப் பிளஸ் டூ பிள்ளைகள் இரண்டு பேருக்குப் பயப்படுவார்கள். ஒருவர் சென்னையில் உட்கார்ந்து ரேங்க் பட்டியல் போடுகிறவர். அவரை யாரும் பார்த்ததில்லை. இன்னொருத்தி பாணி நெட் சென்டரில் மூன்றாவது கம்ப்யூட்டருக்கு முன்னால், முதுகு சாய்க்க இடமில்லாத ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் நாகவல்லி.

வயது இருபத்தைந்து. பார்த்தால் முப்பத்தைந்து சொல்லலாம். சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், மார்க் ஷீட் என்று எது எங்கே மாட்டியிருந்தாலும் கிளப்பிக்கொண்டு வந்துவிடுவாள். மே மாதம் முதலே அரசுப் பள்ளிப் பிள்ளைகளைச் சனிக்கிழமை சனிக்கிழமை வரச்சொல்லி, இன்ஜினியரிங் கலந்தாய்வு என்றால் என்ன, கட்-ஆஃப் எப்படிப் போடுவது என்று பாடம் நடத்துவாள். அதற்குக் காசு வாங்கியதில்லை.

கடைசியில் கல்லூரிப் பட்டியல். எந்தக் கல்லூரி முதலில் வேண்டும், அது இல்லையென்றால் எது என்று பிள்ளை வரிசையாக எழுத வேண்டும். கம்ப்யூட்டர் அந்த வரிசையிலேயே மேலிருந்து இறங்கி வந்து, ரேங்குக்கு எது எட்டுகிறதோ அதைக் கொடுக்கும். முதலில் நோட்டில் எழுதச் சொல்லுவாள். எழுதியதை மூன்று தடவை சத்தமாக வாசிக்கச் சொல்லுவாள். பிறகு அவளே ஏற்றுவாள். ஏற்றிய பிறகு எவன் வந்து எதை மாற்றச் சொன்னாலும் நடக்காது.

“எழுதுனா எழுதுனதுதேன். மாத்தணும்னா வேற கடைக்குப் போ.”

அழுதாலும் இதே பதில்தான். கூடவே சொந்தக் கதையையும் சொல்லுவாள். “நானும் ஒன்னய மாதிரிதேன். இருபத்திரண்டு காலேஜ் எழுதுனேன். ஏழு தடவ மாத்துனேன். கடைசியில எதுவுமே சேவ் ஆகல. இப்ப பாரு, எங்க உக்காந்திருக்கேன்னு.” ஸ்டூலைத் தட்டிக் காட்டுவாள். பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு போய்விடும்.

கதை பொய்யில்லை. அதாவது, அது பொய் என்று இந்த வருடம் வரை அவளுக்கே தெரியாது.

கலந்தாய்வு முதன்முதலாக ஆன்லைனுக்கு வந்த வருடம் அவள் பிளஸ் டூ முடித்தாள். கொத்தமங்கலத்தில் வீடு. அப்பா பெத்தன், கூலி விவசாயம். அம்மா அவள் எட்டாவது படிக்கும்போதே இறந்துபோனாள். அன்றிலிருந்து சோறு பொங்கிவைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போன பிள்ளை அவள். கோயம்புத்தூர் அரசுக் கல்லூரியில் சிவில் படிக்க வேண்டும், பாலம் கட்ட வேண்டும் என்று ஆசை. கட்-ஆஃபும் அதற்கு எட்டித்தான் இருந்தது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு இதே சென்டருக்கு வந்து, இதே ஓனர் தண்டாயுதபாணியிடம் பட்டியல் கொடுத்தாள். மூன்று நாளில் ஏழு முறை திருத்தினாள். அதைத் தூக்கி மேலே போட்டாள், இதை இறக்கிக் கீழே போட்டாள்.

முடிவு வந்தபோது இடம் ஒதுக்கப்படவில்லை என்று வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் பட்டியலில் மூன்றே மூன்று கல்லூரிகள், அத்தனையும் எட்டாத சென்னைக் கல்லூரிகள். மீதி பத்தொன்பதைக் காணோம்.

“நீ நொட்டு நொட்டுன்னு மாத்திக்கிட்டே இருந்தீல்ல, அதேன் சேவ் ஆகல. சர்வர் என்ன ஒங்க வீட்டு வேலக்காரனா?” என்றார் தண்டாயுதபாணி. பெத்தன் பக்கத்தில் நின்று தலையைத் தடவிவிட்டார். “போகுது விடு தாயி. நமக்குக் குடுத்து வைக்கல.”

அவள் உள்ளூரில் பி.எஸ்சி. கணக்குச் சேர்ந்தாள். அத்தை மகன் முத்துக்கண்ணனுக்கு அவளைக் கட்டிவைப்பதாகப் பேச்சு. அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், பெரிய படிப்புப் படித்த பெண்தான் வேண்டும் என்று கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முடித்த ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். பத்திரிகை வைக்க வந்த அத்தை, ஒரு வாய்க் காப்பியைக்கூட மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனாள். டிகிரி முடிந்ததும் தண்டாயுதபாணியே கூப்பிட்டு வேலை கொடுத்தார். அந்த நன்றியை அவள் மறந்ததில்லை. பாவம், அதுவும் ஒரு கூத்து.

சென்ற வருடம் காளீஸ்வரி என்று ஒரு பிள்ளை. பட்டியல் ஏற்றிய மறுநாள் ஓடிவந்தது. முதலில் எழுதிய கல்லூரியில் பெண்கள் விடுதி இல்லையாம், இரண்டாவதை மேலே தூக்கிப் போட வேண்டுமாம். இரண்டு நிமிட வேலை. நேரமும் இருந்தது. நாகவல்லி மாட்டேன் என்றுவிட்டாள். “இதெல்லாம் எழுதுறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்.” முதலாவதுதான் கிடைத்தது. விடுதி இல்லாத ஊருக்கு வீட்டில் அனுப்பவில்லை. காளீஸ்வரி இப்போது செக்காலை ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடிக்கிறாள். பொங்கலுக்குத் துணி எடுக்கப் போன நாகவல்லியைப் பார்த்து, “நீங்க சொன்னது சரிதேன்க்கா, நாந்தேன் மொதல்லயே யோசிக்கல” என்றாள். நாகவல்லி ஆமாம் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு வந்தாள்.

இந்த வருடம், பட்டியல் ஏற்றக் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு எல்லாப் பட்டியலும் தானாகப் பூட்டிக்கொள்ளும். தண்டாயுதபாணி லைசென்ஸ் விஷயமாகச் சிவகங்கைக்குப் போயிருந்தார். நாலு மணி தாண்டி செல்வம் வந்தார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் மகள் சத்தியப்பிரியா காலையில்தான் வந்து, பதினெட்டுக் கல்லூரிகளை மூன்று தடவை தொண்டை வறள வாசித்து, ஏற்றிவிட்டுப் போயிருந்தாள். அவளுக்கும் கோயம்புத்தூர்தான் முதலிடம். அரசுப் பள்ளி ஒதுக்கீடு, கட்டணம் முழுக்க அரசாங்கம் கட்டிவிடும். கிடைக்கிற ரேங்க்.

“தங்கச்சி, ஓனர் போன்ல சொன்னாரா?” என்றார் செல்வம்.

சொல்லி வைத்தாற்போலப் போன் வந்தது. “நாகு, செல்வம் நம்ம ஆளுதேன். அவுக மக பட்டியல்ல கெடைக்கிற காலேஜ் எல்லாத்தையும் தூக்கிரு. கெடைக்காத மூணு நாலு மட்டும் இருக்கட்டும்.”

“என்னண்ணே சொல்றீக?”

“என்ன, புதுசாவா நடக்குது? வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு வரத்தேன் செய்யும். இத்தன நாளும் நானே பாத்துக்கிட்டேன். பெத்தவுக கேக்குறாக, செய்யிறோம். கையெழுத்து மட்டும் வாங்கிக்க, நாளைக்கு நம்ம மேல பழி வந்துறக் கூடாது. எம் மேசை மேல் டிராயர்ல பழைய பேப்பர் கெடக்கு, அதப் பாத்து அப்படியே எழுதி வாங்கு.”

செல்வம் குரலைத் தாழ்த்தினார். “பொம்பளப் புள்ளய அம்புட்டுத் தூரம் விட்டுட்டு நான் இங்குட்டு என்ன செய்ய? வேணாம்னு நேராச் சொன்னா அழுது பெரளும், காலத்துக்கும் என்னயச் சொல்லிக் காட்டும். சீட்டு கெடைக்கலன்னா அது தலையெழுத்துன்னு விட்ரும்ல?”

அவள் டிராயரைத் திறந்தாள். பதினோரு ஜோடித் தாள்கள், ஸ்டேப்ளர் அடித்தவை. ஒவ்வொன்றிலும் மேலே ஒரு பிள்ளையின் கையெழுத்தில் பட்டியல். அடியில் மாற்றி ஏற்றியதன் பிரிண்ட். அதன் பின்பக்கத்தில் அப்பனோ மாமனோ எழுதிக்கொடுத்த சம்மதம். தண்டாயுதபாணி எதிலும் ஜாக்கிரதையான மனுசன். ஆனால் ஏழு வருடத்தில் எந்தத் தாள் யாருடையது என்பதை மறந்துபோயிருந்தார்.

அடியில் கிடந்தது பச்சை மையில் எழுதியது. இருபத்திரண்டு கல்லூரிகள். மேலும் கீழும் அம்புக்குறிகள், அடித்தல் திருத்தல்கள். திருப்பினாள். ‘என் மகள் நாகவல்லி எழுதிய பட்டியலை என் சம்மதத்தின் பேரில்தான் மாற்றினார்கள். சென்டர் பொறுப்பல்ல.’ கீழே அப்பாவின் கையெழுத்து. ரேஷன் கார்டிலிருந்து பள்ளிக்கூடத்து ரேங்க் கார்டு வரை அவள் பார்த்து வளர்ந்த கையெழுத்து.

சேவ் ஆகியிருந்தது. எல்லாமே சேவ் ஆகியிருந்தது. ஏழு முறை மாற்றியதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அவளுக்கு முதலில் அப்பா நினைவு வரவில்லை, காளீஸ்வரி நினைவுதான் வந்தது. இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாமல் அந்தப் பிள்ளையைப் புடவை மடிக்க அனுப்பியவள் அவளேதான். எத்தனை பேரை இந்த ஸ்டூலைத் தட்டித் தட்டி விரட்டியிருப்பாள்!

“தங்கச்சி, நேரமாகுதுல்ல?” என்றார் செல்வம்.

“ஒங்க கையாலேயே எழுதிக் குடுங்கண்ணே. அதேன் செல்லும்.”

செல்வம் ஐந்தாவது வரை படித்தவர். எழுத்து எழுத்தாகக் கூட்டி எழுதி நீட்டினார். தேதி போடவில்லை என்று திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவதில் மகளின் பதிவு எண் இல்லை. மூன்றாவதில் அடித்தல் இருக்கிறது, செல்லாது என்றாள். வேர்த்து விறுவிறுத்து நாலாவது தாளை அவர் முடித்தபோது மணி நாலு ஐம்பத்தெட்டு. அதை வாங்கி நிதானமாக மூன்று தடவை வாசித்தாள்.

“ஆச்சா?”

“ஆச்சுண்ணே. பூட்டிருச்சு.”

“மாத்துனதக் காட்டு.”

“மாத்தல. காலையில ஒங்க மக எழுதுனதுதேன் உள்ள இருக்கு. எழுதுனா எழுதுனதுதேன்.”

செல்வத்துக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் ஸ்டூலை எட்டி உதைத்தார். “எடுபட்ட சிறுக்கி! சீட்டு வந்தா மட்டும் நான் அனுப்பிருவேனாக்கும்?”

“அனுப்பாதீக. ஆனா நீங்கதேன் அனுப்பலன்னு அதுக்குத் தெரியட்டும். தனக்கு வக்கில்லன்னு அது சாகுற வரைக்கும் நெனச்சுக்கிட்டுத் திரிய வேணாம்.”

சொன்னது அப்படியே நடந்தது. அடுத்த வாரம் கோயம்புத்தூரில் சீட்டு வந்தது. செல்வம் அனுப்பவில்லை. சத்தியப்பிரியா உள்ளூரில் பி.காம். சேர்ந்தாள். அப்பனோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. சோற்றுத்தட்டை அவருக்கு முன்னால் டொக்கென்று வைக்கிறாளாம். அது அவர் வாங்கிய கூலி, அனுபவிக்கட்டும்.

அன்றைக்குச் செல்வம் படியிறங்கிய அஞ்சு நிமிடத்தில் ஓனரின் போன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். நாகவல்லி தன் தாளை மட்டும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். மற்ற பத்தையும் எடுத்திருக்கலாம். தோன்றவில்லை. மறுநாள் தண்டாயுதபாணி முதல் வேலையாக அவற்றைக் கிழித்துப் போட்டார். அந்தப் பத்துப் பேரும் இன்னும் தங்களைத்தான் நொந்துகொண்டிருப்பார்கள்.

பஸ்ஸுக்குப் போகிற வழியில் ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குள் காளீஸ்வரி தெரிந்தாள். ஒரு கிழவிக்குப் புடவையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நாகவல்லி வாசல் வரை போனாள். உள்ளே போய் என்ன சொல்வது? அதற்குத் துணிச்சல் வரவில்லை. திரும்பி நடந்தாள்.

வீட்டில் பெத்தன் கட்டிலில் கிடந்தார். ஒன்றரை வருடமாகப் பக்கவாதம், வலது பக்கம் வராது. கடவுள் கூலி கொடுத்தார் என்று யாரும் சொல்ல வேண்டாம், நாளுக்கு இரண்டு கட்டு பீடி குடித்தவர். வாய் கொஞ்சம் கோணிப்போயிருந்தாலும் பேச்சு தெளிவாகவே வரும். ஊட்டிவிட்டால்தான் சாப்பாடு.

சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்து எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கும்பாவைக் கீழே வைத்துவிட்டுத் தாளை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள், பின்பக்கம்.

அவர் தன் கையெழுத்தைப் பார்த்தார். தெரியாது, ஞாபகமில்லை என்று ஒரு பொய் சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். கடைசியாக அந்தப் பொய்யையாவது சொல்லியிருக்கலாம்.

“முத்துக்கண்ணனுக்காகவா?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் அப்பறம் ஒங்க அத்த பேசுனது.” கண் ஓரம் நீர் கட்டியது. “நீ போயிட்டா எனக்குச் சோறு யாரு பொங்குவா, தாயி?”

இவ்வளவுதான். பாலம், கோயம்புத்தூர், ஏழு வருடம் தன்னையே நொந்துகொண்டது, காளீஸ்வரி, எல்லாம் இதற்குத்தான்.

அவள் தாளைத் திருப்பினாள். பச்சை மையில் எழுதியதை முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள், பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுவாளே, அதே சத்தத்தில், அதே நிதானத்தில். இருபத்திரண்டும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

“பசிக்குது தாயி” என்றார் பெத்தன்.

“இன்னும் ஒரு தடவ இருக்குப்பா. மூணு தடவ வாசிக்கணும்.”

மூன்றாவது தடவையும் வாசித்து முடித்த பிறகுதான் கும்பாவை எடுத்தாள். சோறு ஆறிப்போயிருந்தது. ஊட்டிவிட்டாள். மறுநாளும் சோற்றோடு அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.