ஈ வந்த படம்

குழந்தைகள் எவ்வளவு நேரம் டி.வி. பார்க்கலாம் என்று இப்போது டாக்டர்கள் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். பிரேசர் டவுனில் எங்கள் அப்பா டாக்டருக்குப் படிக்காமலேயே ஐம்பதுகளில் இதை முடிவு செய்திருந்தார். எனக்கு மாதத்துக்கு ஒரு சினிமா. மீறினால் முதலில் கண் போகும், பிறகு கணக்கு போகும். கணக்கு ஏற்கெனவே போயிருந்ததால் நான் கண்ணைப் பற்றி மட்டும் கவலைப்பட்டேன்.

அழைத்துப் போவது அத்தை. அப்பாவின் தங்கை, சின்ன வயதிலேயே கணவனை இழந்து எங்களோடு இருந்தாள். "குழந்தை ஆசைப்படுது அண்ணா" என்பாள். கிளம்பிவிடுவோம்.

ஒரு மாதம் சுகாதார இலாகா வண்டி பள்ளிக்கு வந்து, சுவரில் வெள்ளைத் துணி கட்டி, ஈ எப்படி நோயைப் பரப்புகிறது என்று காட்டியது. அதை வீட்டில் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

"அப்ப இந்த மாசத்துது ஆயிடுச்சு" என்றார் அப்பா.

"அது படமே இல்லப்பா. வெறும் ஈதான் வந்துச்சு."

"துணியில ஆடுச்சா இல்லையா?"

"ஆடுச்சு."

"அப்ப படம்தான்."

டென்ட் கொட்டகையில் ஓடிய தமிழ்ப் படத்தை வியாழக்கிழமையோடு தூக்கிவிடப் போகிறார்கள். விடுவதில்லை என்று தீர்மானித்தேன். அத்தை என் வக்கீலானாள். அரிசி களைந்தபடியே வாதங்களை எடுத்துக் கொடுத்தாள்: ஈ பாடியதா? டிக்கெட் கிழித்தார்களா? இன்டர்வெல் விட்டார்களா? அப்பா சவரம் செய்யும்போதும் செருப்பு மாட்டும்போதும் நான் அவற்றை ஒப்பித்தேன். உண்ணாவிரதமும் இருந்தேன். அத்தை மறைவாக ஊட்டிவிட்டதால் அது சிறப்பாகவே நடந்தது.

வியாழன் மாலை அப்பா இறங்கி வந்தார். "பேஜார் பண்ணாதடி. போய்த் தொலை."

அத்தை அதற்குள் பெட்டியைத் திறந்து புடவையை எடுத்திருந்தாள்.

"நீ எங்க கிளம்புற?" என்றார் அப்பா. "படம் குழந்தைக்குத்தானே? அவங்கம்மா கூட்டிட்டுப் போவா."

"அதானே" என்றாள் அத்தை. புடவையை மடிப்புக் கலையாமல் திரும்ப உள்ளே வைத்தாள்.

ஜெயித்த மிதப்பில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். வந்ததும் அத்தை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். கதாநாயகி என்ன கலர் புடவை கட்டியிருந்தாள் என்று கேட்டாள்.

"கறுப்பு வெள்ளைப் படம் அத்தை. சாம்பல் கலர்லதான் தெரிஞ்சுது."

"நீயா ஒரு கலர் சொல்லேன்."

இவ்வளவு பெரியவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று பரிதாபப்பட்டேன். மாதத்துக்கு ஒன்று என்ற அளவு என் கண்ணுக்காக வைத்தது என்றுதான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.