படகு ஒதுங்கிப் போன மிதவை

வளைகுடாவில் கப்பலின் அடிப்பாகம் சுரண்டும் வேலைக்குப் போனபோது, முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டி முங்கக் கற்றுக்கொண்டேன். ஒரத்தநாட்டுப் பக்கம் ஊருக்குத் திரும்பி நெல் விவசாயம் பார்த்தேன். முத்துப்பேட்டைக் கடலில் கடற்புல் ஆராய்கிறவர்கள், அடியில் அடையாளக் குச்சி நட ஆள் தேடியதும் ஒப்புக்கொண்டேன். தண்ணீருக்கு அடியில் யாருடனும் பேச வேண்டாம். அதுவே எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு நாள் வேலை முடிந்து மேலே வந்தால், நீரோட்டம் என்னை, நாங்கள் வந்த மோட்டார் போட்டிலிருந்து வெகுதூரம் தள்ளியிருந்தது. கையிலிருந்த சின்ன ஆரஞ்சு மிதவையை ஊதி மிதக்க விட்டேன். போட்டு என் பக்கம் திரும்பியது. கொஞ்சம் கிட்ட வந்து, வளைந்து வேறு பக்கம் போய்விட்டது. தோளில் விசில் தொங்கியது. ஊத வெட்கமாக இருந்தது. துணிந்து ஊதியபோது இஞ்சின் சத்தத்தில் அது எடுபடவில்லை. வெயில் சாய்ந்த பிறகே என்னைக் கண்டுபிடித்தார்கள்.

போட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "நண்டு வலை மிதவைன்னுல்ல நெனச்சேன் மச்சான்! அடுத்தவன் வலை மேல இஞ்சினை ஏத்தலாமா? அதான் ஒதுங்கிப் போனேன்."

அவர் மேல் தப்பில்லை. அந்தக் கடலில் எல்லோரும் அப்படித்தான் விலகிப் போவார்கள்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "தூரத்துல நின்னு பாத்து, இது வலை இல்ல, நீங்கதான்னு நான் சொல்லணும். அப்பறம் கடலுக்குப் போங்க" என்றாள்.

சின்ன மிதவைக்குப் பதிலாக, என்னைவிட உயரமான மஞ்சள் காற்றுக்குழாய் ஒன்றை வாங்கி வந்து, எங்கள் ஊர்க் குளத்தில் இறங்கினேன். அவள் எதிர்க்கரையில் நின்றாள். குழாய் படுத்தே கிடந்தது.

"வாழத்தண்டு மெதக்குது!" என்று கத்தினாள்.

துணி துவைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண், "அண்ணி, அண்ணனை எங்க காணும்?" என்று கேட்டுச் சிரித்தாள்.

குழாயின் அடியில் ஈயக்குண்டு ஒன்றையும் நீள நூல் ஒன்றையும் கட்டினேன். நூலை இழுத்துப் பிடித்ததும் நிமிர்ந்து நின்றது. நூற்சுருளை இடுப்பில் மாட்டவில்லை. அடியிலிருந்து விடும்போது நூல் சிக்கிக்கொண்டால், குழாய் என்னையும் சேர்த்து மேலே இழுத்துவிடும். கையிலேயே வைத்துக்கொண்டேன். விசிலை வாய்க்கு எட்டும்படி, முங்கும்போது போடும் ஜாக்கெட்டில் சின்னக் கயிற்றால் கட்டினேன்.

"நிக்கிது. ஆனா ஆட்டுங்க! வலை மிதவை என்ன கையா ஆட்டும்?"

ஆட்டினேன்.

"இப்ப ஊதுங்க!"

படித்துறையில் பாதித் தெரு நின்றது. கண்ணை மூடிக்கொண்டு ஊதினேன். மேய்ச்சல் வாத்துக் கூட்டம் முழுவதும் கரையேறி ஓடியது.

"போதும், போதும்! போயிட்டு வாங்க" என்றாள்.

அப்படிச் சொன்னவள், மறுமுறை போகும்போது போட்டில் தானும் ஏறிக்கொண்டாள். நான் அடியிலிருந்தே குழாயை மேலே விட்டு, நூலைப் பிடித்தபடி வந்தேன். அன்றும் நீரோட்டம் தள்ளிவிட்டிருந்தது. குழாயை ஆட்டினேன். யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காமல் விசிலை ஊதினேன். போட்டு நேராக வந்தது.

பக்கத்தில் வந்ததும் போட்டுக்காரர் இஞ்சினை நிறுத்திவிட்டு, "யார் வலை தங்கச்சி இது, ஒதுங்கிப் போயிரவா?" என்றார்.

"எங்க வீட்டு வலைதாண்ணே" என்று என் மனைவி குனிந்து கையை நீட்டினாள்.