முழுக்குக் கோயில்

என் கணவர் ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் கணக்கராக இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது வேறு சபைக்காரராகத் திரும்பினார். அங்கே தமிழர்கள் கூடிவந்த பாப்டிஸ்டு சபை ஒன்றில், ஆற்றில் முழுகி ஞானஸ்நானம் பெற்றிருந்தார். குழந்தையின் தலையில் தெளிக்கும் தண்ணீரை அந்தச் சபை ஏற்காது. விவரம் தெரிந்தவர் தாமே கேட்டு, தாமே இறங்கி, முழுவதும் முங்கி எழ வேண்டும்.

நானோ பாளையங்கோட்டைப் பெரிய கோயிலில் கைக்குழந்தையாகத் தண்ணீர் தெளிக்கப்பட்டவள். என் அப்பா அங்கே உபதேசியார். அம்மா நான் சிறுமியாக இருக்கும்போதே இறந்துவிட்டாள். கணவர் ரங்கூனில் இருந்தவரை நான் அப்பா வீட்டில்தான் இருந்தேன்.

“எம் மவ தலையில விழுந்தது தண்ணி இல்லாம வேற என்னவே?” என்று அப்பா என் கணவரிடம் கேட்டார்.

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்தார்.

“பதில் இல்லேல்லா? அப்ப இனிமே இந்த வாசப்படி ஏறாதேயும்.”

அவர் இறங்கி நடந்தார். நான் கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் பின்னால் போனேன். அப்பா என்னைத் தடுக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. நாங்கள் குடியேறிய வண்ணார்பேட்டை அங்கிருந்து ஒரு நடைதான். ஆனாலும் அப்பா அந்த நடையை நடந்து வரப் பல வருடங்கள் ஆயின.

வண்ணார்பேட்டையில் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த ஓர் அண்ணாச்சி என் கணவரின் பேச்சைக் கேட்டு முதலில் சேர்ந்தார். பிறகு அவர் வீட்டார், இரண்டொரு வண்டிக்காரர்கள். செக்குக் கொட்டகையில்தான் ஜெபம். பிண்ணாக்கு வாசனைக்கு நடுவே பாடுவோம். முதல் முழுக்கு தாமிரபரணியில் நடந்தது. அண்ணாச்சி முழுகி எழுந்தபின் அவர் மனைவி இறங்கினாள். படித்துறையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் துணி பிழிவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவள் எழுந்தபோது ஈரச்சேலை உடம்போடு ஒட்டியிருந்தது. மேல்படியில் உட்கார்ந்திருந்த இளவட்டங்கள் சீட்டியடித்தார்கள். ஒருவன் ஏதோ சொன்னான், மற்றவர்கள் சிரித்தார்கள். போர்த்திவிட என் கையில் ஒரு துணிகூட இல்லை. நான் அவளுக்கு முன்னால் போய் நின்றேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அதன்பின் எந்தப் பெண்ணும் முழுக்குக்கு முன்வரவில்லை.

அப்போதுதான் என் கணவர், கோயில் கட்டினால் அதற்குள்ளேயே தொட்டி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். செக்கடிக்குப் பின்னால் கிடந்த மனையை அண்ணாச்சி கொடுத்தார். மேலப்பாளையத்திலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். வெள்ளைத் தொப்பியும் சுண்ணாம்பு தின்ற விரல்களுமாக இருப்பார்.

“தண்ணி ஒழுகாத தொட்டியா வேணும், கொத்தனாரே. ஆளு இடுப்பளவுத் தண்ணியில நிக்கணும்” என்றார் என் கணவர்.

கொத்தனார் சிரித்தார். “எங்க பள்ளிவாசல் ஹவுளு நான் பூசுனதுதான் வே. தொழ வாரவங்க அதுலதான் கைகால் கழுவுதாங்க. ஒரு பொட்டு கசிஞ்சிருக்கான்னு நீரே வந்து பாரும்.”

கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை ஊற்றிச் சுண்ணாம்பு அரைத்தார்கள். அந்தப் புளித்த வாசனை தெரு முழுக்க இருந்தது. கோபுரம் வேண்டாம், மணி வேண்டாம் என்று என் கணவர் சொல்லிவிட்டார். செங்கல் சுவர், பனஞ்சட்டம், நாட்டு ஓடு. முகப்புச் சுவர் மட்டும் மேலே முக்கோணமாக எழும்பி நிற்கும். அதன் நடுவில் காற்றுக்காக ஒரு வட்டத் துவாரம். ஜன்னல்களுக்கு மேல் வளைவு வைக்காமல் விட முடியாது என்று கொத்தனார் பிடிவாதம் பிடித்து வைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் என்றுதான் சொல்வார்கள்.

உள்ளே போனால் எதிரே பிரசங்க மேடை. மேடையின் தரை வேங்கைப் பலகை. பலகைகளைத் தூக்கினால் கீழே தொட்டி. ஆண்கள் இறங்க வலப்பக்கம் படிகள், பெண்கள் இறங்க இடப்பக்கம் படிகள். அந்தந்தப் பக்கத்தில் துணி மாற்ற ஒவ்வொரு சிறிய அறை. பெண்கள் அந்த அறையிலிருந்து நேராகத் தொட்டிக்கு இறங்கி, முங்கி எழுந்து, நேராக அறைக்கே திரும்பிவிடலாம். வெளியாள் ஒருவர் கண்ணும் படாது. ஊரில் அதற்கு முழுக்குக் கோயில் என்று பேர் வந்தது. என் கணவர் பிரசங்கம் செய்யும்போது அவர் காலடியில் பலகை திம் திம் என்று அதிரும்.

நான் அந்தத் தொட்டியில் முழுக்குக்காக இறங்கவில்லை. அவர் என்னைக் கேட்கவும் இல்லை. கோயிலைப் பெருக்கினேன், திருவிருந்துக்கு அப்பம் சுட்டேன், கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துத் தொட்டியை நிரப்பினேன், முழுகி எழுந்து நடுங்கி வரும் பெண்களுக்குக் காய்ந்த சேலை எடுத்துக் கொடுத்தேன். ஆனால் திருவிருந்து கொடுக்கும் ஞாயிறுகளில், அப்பத்தின் மேல் மூடிய துணியை அவர் எடுக்கும்போது, நான் எழுந்து பக்கத்துத் தாழ்வாரத்துக்குப் போய்விட வேண்டும். முழுக்குப் பெறாதவர்களுக்கு அதில் பங்கில்லை. சபையிலேயே அப்படி எழுந்து போனவள் போதகரின் மனைவி ஒருத்திதான். தாழ்வாரத்து ஜன்னல் வழியாக அவர் கை தெரியும், முகம் தெரியாது. உள்ளே எல்லோரும் அமைதியாக மென்று விழுங்குவதைக் கேட்டுக்கொண்டு சுவரோடு சாய்ந்து நிற்பேன். பழைய கோயிலுக்கும் போக முடியாது. அங்கே நான் முழுக்குக்காரர் பெண்டாட்டி.

ஒரு மழைக்காலம் முடிந்து ஓடு மாற்றக் கொத்தனார் வந்தார். போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மோர் வாங்கிக் குடித்துவிட்டுக் கொத்தனார் கேட்டார்.

“படி சௌகரியமா இருக்கா ஐயரம்மா?”

“எந்தப் படி?”

“பொம்பளைங்க பக்கத்துப் படிதான். உங்களுக்காகத்தானே குட்டை குட்டையா வச்சிருக்கு. எம் பொஞ்சாதி உயரம் கம்மி, தண்ணின்னா பயம், பைய இறங்குத மாதிரி வையும்னு ஐயருதான் சொன்னாரு.”

நான் இன்னும் இறங்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்லா இருக்கு என்று சொல்லி அனுப்பினேன். அவர் போனதும் கோபம்தான் வந்தது. எனக்கென்று படி கட்டத் தெரிந்தவருக்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லையே.

அன்று சாயங்காலம் என் கணவர் வந்து கால் கழுவும் முன்னே கேட்டுவிட்டேன். “படிய எனக்காக வச்சியளாமே. ஏன் எங்கிட்ட ஒரு நாளும் கேக்கல?”

அவர் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். “கேட்டா நீ இறங்கிருவ.”

“இறங்குனா என்ன?”

“எனக்காக இறங்குவ. அப்பா வீட்ட விட்டு எனக்காக வந்தியே, அந்த மாதிரி. இது அப்படிச் செய்யுத காரியம் இல்ல.”

“அதுக்காக நான் தாழ்வாரத்துலயே நிக்கணுமா?”

“நீ எழுந்து போறப்ப நான் உன்னப் பாக்கதே இல்ல” என்றார். “பாத்தா என்னால அப்பத்தப் பிக்க முடியாது.”

சோறு போட்டேன், சாப்பிட்டார். அடுத்த திருவிருந்துக்கும் நான் எழுந்து போனேன். கேட்டதில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் தாழ்வாரத்தில் நிற்பது நான் ஒருத்திதான் என்ற எண்ணம் அதற்குப்பின் இல்லை.

ஐரோப்பாவில் சண்டை மூண்ட வருடம் ஐப்பசி மழையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. வைத்தியர் கொடுத்த கஷாயமும் கேட்கவில்லை, ஆஸ்பத்திரி மருந்தும் கேட்கவில்லை. ஒரு வாரம் தாங்கவில்லை. அப்பாவுக்குச் சொல்லப் பாளையங்கோட்டைக்கு ஆள் விட்டோம். யாரும் வரவில்லை. பெரிய கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்க அண்ணாச்சிக்கு மனமில்லை. எங்கள் கோயிலின் பின்சுவருக்கு வெளியே அவரை அடக்கம் செய்தார்கள்.

வாடகை வீட்டை விட்டுவிட்டுப் பெண்கள் துணி மாற்றும் அறையில் குடியேறினேன். ஒரு கட்டில் போட்டால் மீதி நடக்கத்தான் இடம். கதவுக்குப் பக்கத்தில் வெளிச்சம் பார்த்து உட்கார்ந்து நூலில் ரேந்தைக் கரை பின்னுவேன். சட்டைக் கழுத்துக்கும் மேசைத் துணிக்கும் வைத்துத் தைக்க வாங்கிப் போவார்கள். பிரசங்கத்துக்கு ஆள் இல்லாததால் ஞாயிறுகளில் அண்ணாச்சி வேதம் வாசிப்பார், கொஞ்சம் பேர் பாடுவோம், வெயில் ஏறுமுன் போய்விடுவார்கள். அதன்பின் அடுத்த ஞாயிறுவரை அந்தக் கட்டடத்தில் நான்தான். சில நாள் என் குரல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பாட்டைப் பாடுவேன். காலிக் கோயிலில் குரல் பெரிதாகத் திரும்பி வரும். பாதியில் நிறுத்திவிடுவேன்.

ஒரு நாள் மத்தியானம் மேடையைப் பெருக்கும்போது பலகை இடுக்கில் கரையான் மண் தெரிந்தது. பலகைகளைத் தூக்கிச் சாய்த்துவைத்துவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினேன். துப்புரவு செய்யத்தான் இறங்கினேன், வேறு எண்ணம் இல்லை. எத்தனையோ தடவை அப்படி இறங்கியிருக்கிறேன், எப்போதும் கிணற்றுக்குக் கிட்டத்தில் இருந்த ஆண்கள் பக்கத்துப் படி வழியாகத்தான். கொத்தனார் சொன்னதிலிருந்து பெண்கள் பக்கத்தில் கால் வைக்க ரோஷமும் சேர்ந்துகொண்டது. அன்று அந்தப் பக்கம் இறங்கினேன். படிகள் என் காலுக்கு அப்படிப் பொருந்தின. அடியில் போய் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். அழுது முடித்தபோது, இறங்க வேண்டும் என்று எனக்கே தோன்றியது. அவருக்காகத் தோன்றியதா, எனக்காகத் தோன்றியதா என்று பிரித்துச் சொல்ல எனக்கு இன்றும் தெரியாது. கேட்பதற்கு அவர் இல்லை.

அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் சென்னைப்பட்டணத்துச் சபைக்கு எழுதினார். தை மாதத்தில் ஒரு போதகர் வந்தார். நானே தண்ணீர் இறைத்து நிரப்பினேன். போதகர் என் தலையைப் பிடித்து அமுக்கியபோது மூக்கில் தண்ணீர் ஏறியது, பயந்து அவர் கையை இறுகப் பற்றிக்கொண்டேன். எழுந்து அறைக்குள் வந்தேன். சேலை எடுத்துக் கொடுக்க அங்கே ஒருவரும் இல்லை. அண்ணாச்சியின் மனைவி சுகமில்லாமல் வீட்டில் படுத்திருந்தாள். குளிரில் பல் கிட்ட நானே பிழிந்து, நானே துவட்டி, நானே மாற்றிக்கொண்டு சபையில் போய் உட்கார்ந்தேன். போதகர் திருவிருந்து அப்பத்தின் துணியை எடுத்தபோது அன்று நான் எழுந்து போகவில்லை. அப்பம் உப்பில்லாமல் இருந்தது. எத்தனை வருடம் உப்புப் போடாமல் சுட்டிருக்கிறேன், அதன் ருசி எனக்குத் தெரிந்ததே இல்லை.

செய்தி எப்படியோ பாளையங்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டொரு நாளில் அப்பா வந்து வாசலில் நின்றார். தலை முழுவதும் நரைத்திருந்தது.

“உள்ள வரலாமா?”

“வாங்கப்பா.”

அவர் சுவர்களையும் சட்டங்களையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார். “பூச்சு நல்லா இருக்கு” என்றார். மேடைப் பலகைகளை நான் இன்னும் மூடவில்லை. தொட்டியில் தண்ணீர் நின்றது. விளிம்பில் நின்று குனிந்து பார்த்தார்.

“இதுலயா?”

“ஆமாப்பா.”

“அப்ப உன்னக் கையில ஏந்திக்கிட்டு நான் போயி நின்னேனே, அது?”

“அது நீங்க செஞ்சதுப்பா. இது நான் செஞ்சது.”

அவர் ஒப்புக்கொண்டாரா இல்லையா என்று தெரியவில்லை. பிறகு, “மாப்பிள்ளைய எங்கன வச்சிருக்கு?” என்றார். பின்புறம் கூட்டிப்போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

“எனக்குச் சொல்லி விட்டிருக்கலாம்.”

“சொல்லித்தான்பா விட்டோம்.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு மண்ணைப் பார்த்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது கேட்டார், “ஏளா, எங்கூட வந்துருதியா?”

“நான் வந்துட்டா இங்கன யாரு இருக்கா?”

“அங்கன மட்டும் யாரு இருக்கா?” என்றார் அப்பா.

சாப்பிடச் சொன்னேன். வெயில் தாழ்ந்துவிட்டது, நடக்க வேண்டும் என்றார். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். பாளையங்கோட்டைச் சாலைவரை கூடப் போனேன். “நீ போ, நான் போயிக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு நடந்தார். ஆள் மறையும்வரை நின்று பார்த்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவின் நடை முன்னைவிட மெதுவாகியிருந்தது.

திரும்பி வந்து கதவைத் திறந்தேன். கோயிலுக்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டித் தண்ணீரைக் குடம் குடமாக மொண்டு வெளியே கொண்டுபோய் ஊற்றினேன்.