ஏழு மொட்டைக்கு ஒரு ஹெல்மெட்

திருத்தணியில் எங்கள் மோட்டார் சைக்கிள் கிளப்பில் ஏழு பேர். சராசரி வயது ஐம்பது. சராசரித் தொப்பையைச் சொல்வதற்கில்லை. கனகம்மாசத்திரம் அருகே மணலில் சறுக்கி எங்கள் தலைவர் தோள்பட்டையை உடைத்துக்கொண்ட மறுநாள், என் மனைவி என் வண்டிச் சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். முறையாக யாரிடமாவது பிரேக் போடக் கற்று, அவள் கண்முன் நிறுத்திக் காட்ட வேண்டும். இல்லையென்றால் வண்டியை விற்றுவிடுவாள்.

ஆள் தேடினோம். டிரைவிங் ஸ்கூல்காரர், எட்டுப் போடத் தெரியும்தானே, அதற்குமேல் என்ன பயிற்சி என்றார். சென்னையில் விசாரித்தால் ரேஸ் ஓட்டவா என்று கேட்டார்கள். வயதைச் சொன்னதும் மிக மரியாதையாகப் பேசிப் போனை வைத்தார்கள். தலைவர் கோயில் மடைப்பள்ளியில் சமைப்பவர், எதையும் மேலிடத்துக்கு அனுப்பிப் பழகியவர். பயிற்சியாளர் கிடைத்தால் ஏழு பேரும் மொட்டை போடுவோம் என்று எங்களைக் கேட்காமலே வேண்டிக்கொண்டார்.

நான்காம் நாள் கிடைத்துவிட்டார். பொதட்டூர்பேட்டை நெசவுக் குடும்பத்துப் பெண். வெளியூரில் பைக் ஓட்டுபவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி தருபவர், விடுப்பில் வந்திருந்தார். ஞாயிறு காலை மட்டும் நேரம் உண்டு, மறுநாள் ஊருக்குக் கிளம்புகிறேன் என்றார். சனிக்கிழமை நான் டயருக்கு இரண்டு முறை காற்றடித்தேன். அவ்வளவு பரபரப்பு.

விடிந்ததும் மலையேறி மொட்டை போட்டு, சந்தனம் பூசி, கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஒரு காலி மைதானத்தில் வரிசையாக நின்றோம். சாவியை அன்றைக்கு மட்டும் இரவல் கொடுத்த மனைவி ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தாள்.

பயிற்சியாளர் முதலில் ஹெல்மெட்டைச் சோதித்தார். வார் மாட்டியிருந்தும், பின்னாலிருந்து தூக்கியதும் என்னுடையது கையோடு போனது. மற்றவர்களுடையதும் அப்படியே. எல்லாம் முடி இருந்த தலைக்கு வாங்கியவை. சந்தனம் வேறு வழுக்கியது.

"வேண்டுதல்லாம் நல்லாதான் பண்ணிக்கிறீங்க. தலைல நிக்காத ஹெல்மெட்டோட ஒருத்தரையும் வண்டில ஏத்த மாட்டேங்க."

துண்டு வைத்து இறுக்கலாமா என்றார் தலைவர். விழுந்தால் துண்டு மட்டும்தான் தலையில் மிஞ்சும் என்று பதில் வந்தது. வண்டியை யார் வாங்குவார்கள் என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன்.

மனைவி தன் ஹெல்மெட்டைக் கழற்றி நீட்டினாள். ரோஸ் நிறம், பக்கத்தில் பட்டாம்பூச்சி. பயிற்சியாளர் அதை என் தலையில் மாட்டி ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. தலைவர் தலைக்கு மட்டும் இறங்கவில்லை. தோள் கட்டோடு அவர் வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தார். மற்ற ஆறு பேரும் முறை வைத்துப் பட்டாம்பூச்சி ஆனோம்.

முன் பிரேக்கைத் தொட்டால் தூக்கியடிக்கும் என்று முப்பது வருடமாக நம்பியவன் நான். என் வண்டியில் அது வெறும் அலங்காரம். பயிற்சியாளர் முன், பின் இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைப் பதற்றமில்லாமல் மெல்ல அழுத்தச் சொன்னார். முதல் தடவை, நிறுத்துவதற்காக அவர் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போனேன். இரண்டாவது தடவை கொஞ்ச தூரம். மூன்றாவதில் வண்டி முன்பக்கம் அமுங்கி, கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றே விட்டது.

"நின்னுச்சு பாவா," என்று மச்சான் முறை வைத்துக் கூப்பிட்டார் தலைவர், நம்பாமல்.

மனைவி அருகே வந்தாள். "ஆங், பாத்துகினுதான் இருந்தேன். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். ஹெல்மெட்ட கழட்டுங்க, இப்ப நான்."

அவள் முதல் தடவையே கோட்டுக்கு முன்னால் நிறுத்தினாள். எல்லோரும் கைதட்டினோம். எல்லாரையும்விட நான்தான் பலமாகத் தட்டினேன்.