இரண்டு சுதி

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, பிரான்சிலிருந்து மாமா திருவிழாவுக்கு எங்கள் ஊரான வங்காலைக்கு வந்தார். அங்குள்ள கத்தோலிக்கக் கோயிலுக்கென்று புதுக் கீபோர்ட் ஒன்றும் கொண்டுவந்தார்.

கோயிலில் ஏற்கனவே ஓர் ஆர்மோனியம் இருந்தது. காலால் மிதித்து வாசிக்கிற பழைய சாமான். வெள்ளைக்காரச் சுவாமிமார் காலத்தில் கப்பலில் வந்ததாம். மாமாவின் அக்கா, எனக்குப் பெரியம்மா, ஞாயிறுதோறும் அதை வாசித்துவந்தா. நான் பாடப் பழகியதும் அதோடுதான்.

திருவிழாவுக்கு இரண்டையும் சேர்த்து வாசிப்பது என்று தீர்மானித்தார்கள். ஒத்திகையில் மாமா கீபோர்ட்டிலும் பெரியம்மா ஆர்மோனியத்திலும் ஒரே கட்டையை அழுத்தினார்கள். கேட்டவர்களுக்குப் பல் கூசியது.

“அக்கா, உங்கட ஆர்மோனியம் சுதி விட்டுப்போச்சு,” என்றார் மாமா.

“இத்தனை வருசமா இதிலதானே பாடுறம்,” என்றா பெரியம்மா.

எனக்கு நல்ல காது என்று ஊரில் ஒரு பெயர் இருந்தது. பங்குச் சுவாமி என்னைக் கூப்பிட்டார். “பிள்ளை சொல்லுங்கோ, எது பிழை?”

என் காதுக்குக் கீபோர்ட்தான் கொஞ்சம் இறங்கிக் கேட்டது. ஆனால் மாமா கொண்டுவந்த சப்பாத்து என் காலில் இருந்தது. ஆர்மோனியம்தான் என்றேன்.

பெரியம்மா என்னை ஒருதரம் பார்த்தா. பிறகு மாமாவிடம், “சரி தம்பி, நீயே வாசி,” என்று ஆர்மோனியத்தின் மூடியைச் சாத்திவிட்டுப் பெண்கள் பக்க மர வாங்கில் போய் இருந்தா.

திருவிழாப் பூசையில் நற்கருணைப் பாட்டை நான் தனியாகப் பாடவேண்டும். முதல் அடி சரியாகவே போயிற்று. பிறகு பழக்கத்தில் குரல் தானாகவே ஆர்மோனியத்தின் உயரத்துக்கு ஏறிவிட்டது. மாமா திரும்பி முறைத்தார். சனமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, நான் பாட்டை நடுவில் நிறுத்திவிட்டேன். அப்போது வாங்கிலிருந்து பெரியம்மா எழும்பிப் பாடத் தொடங்கினா. ஆர்மோனியத்தின் சுதியில் அல்ல, கீபோர்ட்டின் சுதியில். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நான் இறங்கினேன்.

பூசை முடிந்ததும் அவவிடம் ஓடினேன். “பெரியம்மா, கீபோர்ட்தான் பிழை. நான் பொய் சொன்னனான்,” என்று அழுதேன்.

“தெரியும்,” என்றா. “வா, சாப்பிடுவம்.”

யாழ்ப்பாணத்தில் இசை படிக்கப் போன பிறகுதான் அறிந்தேன்: முன்பெல்லாம் நாட்டுக்கு நாடு சுதியின் உயரம் வேறாக இருந்திருக்கிறது. ஆர்மோனியம் அது செய்யப்பட்ட ஊரின் உயரத்தில் ஒலித்தது. கீபோர்ட் இன்றைய பொது உயரத்தில். கீபோர்ட்டைச் சற்று உயர்த்தி இரண்டையும் ஒத்துப்போகச் செய்ய அதிலேயே வழியும் இருந்தது. மாமா உட்பட ஒருவருக்கும் அது தெரியவில்லை.

அந்தப் பொய்க்காக நான் சுவாமிமாரிடம் பலதடவை பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். என் காதில் கேட்டதை அப்படியே சொல்லியிருந்தாலும் அதுவும் பிழையான பதிலாகத்தான் இருந்திருக்கும் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது.