கணக்கெடுப்பு நாளில் நடந்த வகுப்பு

நினைவு மலர்களில் மறைந்தவர்கள் எல்லாரும் சாந்த சொரூபிகளாகவே இருப்பார்கள். இந்த மலரைப் பெறுகிறவர்கள் அக்காவை நேரில் அறிந்தவர்கள் என்பதால் அந்தப் பொய்க்கு இங்கே வழியில்லை. அக்கா கோபக்காரர். அந்தக் கோபத்தால் பல பிள்ளைகள் படித்தார்கள்.

சிதம்பரம் கீழவீதியில் பிறந்தார். அப்பா காலமானபோது நான் பள்ளி மாணவன். ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு வேலைக்குப் போய், என்னைப் பட்டதாரியாக்கிய பிறகே கல்யாணத்துக்குச் சம்மதித்தார். கடலூர் செம்மண்டலத்தில் வாழ்க்கைப்பட்டு, மாமாவின் நல்ல மனத்தால் வேலையைத் தொடர்ந்து, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றார்.

அந்தப் பள்ளிக்கு அருகே இலங்கைத் தமிழர் முகாம் இருந்தது. முகாம் பிள்ளைகள் அடிக்கடி வராமல் நின்றுவிடுவார்கள். சோம்பல் என்றார்கள் சக ஆசிரியர்கள். விசாரிக்காமல் சொல்லக்கூடிய காரணம் அது ஒன்றுதான். உண்மையான காரணம் கணக்கெடுப்பு. வருவாய்த் துறை அதிகாரி வந்து ஒவ்வோர் ஆளையும் நேரில் பார்த்து எண்ணுவார். நாள் தெரியும்; எத்தனை மணிக்கு வருவார் என்பது அவருக்கே தெரியாது. அதுவரை குடும்பமே வீட்டு வாசலில் காத்திருக்க வேண்டும்.

ஐந்தாம் வகுப்பில் வதனி என்றொரு சிறுமி. படகேறி வந்ததில் படிப்பு விட்டுப்போனவள். அக்காவிடம்தான் எழுத்துக்கூட்டத் தொடங்கியிருந்தாள். விடுப்பு கூடக் கூட, இனி தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கட்டும் என்று தாய் முடிவுகட்டிவிட்டார். அக்கா சண்டைக்கே போனார்.

"இப்படி லீவு போட்டா பேரை எடுத்துடுவாங்கம்மா."

"பள்ளிக்கூடத்தில வெட்டினா திருப்பிப் போடலாம் டீச்சர். இங்க முகாம் பதிவில வெட்டினா நாங்கள் எங்க போறது?"

அக்கா அங்கிருந்து நேரே என்னிடம் வந்தார். நான் அப்போது தாலுகா அலுவலகத்தில் இருந்தேன். கணக்கெடுப்பு நேரத்தை மாற்ற மனு, தாசில்தார் அறிக்கை, சப்-கலெக்டர் பரிந்துரை என்று முறையாக எடுத்துச் சொன்னேன்.

"அதுக்குள்ள அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடும்டா. முகாமுக்குள்ள எங்க இருந்தாலும் எண்ணுவாங்க இல்ல?"

"எண்ணுவாங்க."

"நின்னுக்கிட்டே இருக்கணுமா, உக்காரலாமா?"

"உக்காரலாங்க்கா."

"அது போதும். நீ காபியக் குடி."

அடுத்த கணக்கெடுப்பு அன்று, ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்து ஐந்தாம் வகுப்பு முழுவதையும் கரும்பலகையோடு முகாமுக்கு அழைத்துப் போய்விட்டார். வேப்பமரத்தடியில் பாடம் தொடங்கியது. தங்கள் பிள்ளைகளை அங்கே ஏன் கூட்டிப்போனீர்கள் என்று கேட்டு வந்த ஊர்ப் பெற்றோர் இருவரையும் உட்காரவைத்துப் பாடம் கேட்க வைத்தார். மதியம் அதிகாரி வந்தார்.

"என்ன மேடம், இது முகாமா, பள்ளிக்கூடமா?"

"நீங்க எண்ணுங்க சார், நாங்க படிக்கிறோம். சத்தமா மட்டும் எண்ணாதீங்க, புள்ளைங்களுக்குக் கவனம் கலையுது."

என் துறையைச் சேர்ந்தவர் ஒருவர் உதடு மட்டும் அசைய வேலை பார்த்தது அன்றுதான். அவரும் நல்ல மனிதர். அடுத்த முறையிலிருந்து பள்ளி மணி அடிக்கும் முன்பே வந்து, பிள்ளைகளை முதலில் எண்ணி அனுப்பினார். இதற்கு எந்த ஆணையும் பிறப்பிக்கப்படவில்லை; அதனால்தான் யாராலும் ரத்து செய்ய முடியவில்லை.

வதனி படித்தாள். பட்டம் பெற்று, இன்று அதே முகாமில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறாள். அக்கா நோயில் விழுந்தபின் ஞாயிறுதோறும் வந்து செய்தித்தாள் வாசித்துக் காட்டினாள். உச்சரிப்பைத் திருத்துவதைக் கடைசி வாரம் வரை அக்கா நிறுத்தவில்லை.

மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், இரவு பகல் பாராமல் துணைநின்ற செம்மண்டலத்து அண்டை வீட்டாருக்கும், சிதம்பரத்து உறவினர்களுக்கும், தோளில் சுமந்த முன்னாள் மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வதனி வரவில்லை. பிள்ளைகளுக்கு மறுநாள் பரீட்சை, வகுப்பை விட முடியாது என்று சொல்லியனுப்பினாள். சிலருக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. என் காதிலும் போட்டார்கள். வகுப்பை விட்டுவிட்டு அவள் வந்திருந்தால், எங்கள் அக்கா படத்திலிருந்தே திட்டியிருப்பார்.